இந்த ஆண்டு பீரோவில் எதைச் சேர்ப்பது?

தைப் பொங்கலையொட்டிச் சென்னையில் நடைபெறும் புத்தகக் கண்காட்சியை எதிர்நோக்கியே தமிழ்ப் பதிப்பாளர்களில் பலர் தங்கள் புதிய நாவல்களை மார்கழியிலும் தையிலும் வெளியிடுகின்றனர். ஆதலால் இப்பகுதிக்கு ஆண்டின் தொடக்கத்தில் அடைமழையும் பின்னர் தூறலுமாகவே நூல்கள் வந்து சேர்கின்றன. பொங்கலுக்கு ஊர் சென்று திரும்பும் அன்பர்கள் பெட்டியின் ஓரத்தில் செருகிக் கொண்டு வருவதுதான் நம் நாகபுரிச் சங்க நூலகத்தின் பெரும் வரவு என்பது நேயர்கள் அறிந்ததே.

இவ்வாண்டு வரவைக் குறித்துச் சங்கத்தின் மூத்த உறுப்பினராகிய பெரியவர் ஒருவர் நமக்கு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார்கள். நூலகத்திற்கென ஒதுக்கப்பட்ட தொகை முழுவதையும் சரித்திர நாவல்களுக்கே செலவிட வேண்டும் என்பதும், துப்பறியும் கதைகளையும் காதல் கதைகளையும் வாங்குவது பணத்தையும் பிள்ளைகளின் புத்தியையும் ஒருங்கே பாழாக்குவதாகும் என்பதும், அவற்றுக்கு இப்பகுதியில் மதிப்புரை எழுதுவதை நாம் நிறுத்த வேண்டும் என்பதும் அவர்களுடைய கருத்து. செயற்குழு அடுத்த மாதம் கூடி இதனை முடிவு செய்ய இருப்பதால், நம் அபிப்பிராயத்தை இங்கே விரிவாகவே கூற விரும்புகிறோம்.

பெரியவர் அவர்களுடைய கவலையை நாம் மதிக்கிறோம். ஆனால் நூலகத்தின் இரவல் பதிவேடு வேறொரு செய்தியைச் சொல்லுகிறது. பதிவேடுகளோடு நாள் கழிப்பதே நமக்குத் தொழிலாதலால், அதனை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் புரட்டிப் பார்த்தோம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களும் பீரோவில் இருக்கின்றன. முதற் பாகமாகிய 'புது வெள்ளம்' அட்டை கிழிந்து, இருமுறை ஒட்டப்பட்டு, பக்கங்களின் ஓரம் மடங்கி, கைபட்டுக் கறுத்துப்போயிருக்கிறது. இரண்டாம் பாகம் ஓரளவு பழசாகியிருக்கிறது. ஐந்தாம் பாகமோ கடையிலிருந்து வந்த பொலிவு குன்றாமல் நிற்கிறது. மணிரத்னத்தின் திரைப்படங்கள் 2022லும் 2023லும் வெளிவந்தபோது பிள்ளைகள் வரிசையாக வந்து முதற் பாகத்தை எடுத்துச் சென்றிருக்கிறார்கள்; பெரும்பாலோர் வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையைத் தாண்டிச் சில அத்தியாயங்கள் செல்லுமுன்பே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகளின் மேல் குறை சொல்வதற்கில்லை. பள்ளியில் அவர்கள் இந்தியோ மராத்தியோ ஆங்கிலமோ படிக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசினாலும், எழுத்தைக் கண்டால் ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் வாசிக்கிறார்கள். அவர்கள் கையில் ஐந்து பாகங்களைக் கொடுப்பது, நடை பழகும் குழந்தையைப் பழனிக்குப் பாதயாத்திரை அனுப்புவது போன்றதாகும்.

இதே பதிவேட்டில், நூறு பக்க அளவில் மலிவுத் தாளில் அச்சாகி வரும் துப்பறியும் நாவல்களின் வரிசையைப் பார்த்தால், ஒரே பெயருக்கு எதிரே மூன்று நான்கு நூல்கள் அடுத்தடுத்துப் பதிவாகியிருக்கின்றன. எடுத்ததை முடித்திருக்கிறார்கள், முடித்தபின் மற்றொன்றையும் கேட்டிருக்கிறார்கள். தமிழ் எழுத்தைக் கூட்டி வாசித்த பிள்ளை விரைந்து வாசிக்கப் பழகுவது இப்படித்தான். என்ன நடந்தது என்று அறியும் ஆவல் பிடரியைப் பிடித்துத் தள்ளும்போது, 'ழ'கரமும் 'ள'கரமும் கண்ணுக்கு இடறுவதில்லை.

துப்பறியும் நாவலைத் தாழ்ந்த சரக்கு என்று கருதுவது நம்மிடையே பழைய வழக்கம். அதற்கு அந்த நாவல்களும் ஓரளவு காரணமே. ஆயினும் அவை இன்று நேற்று வந்தவையல்ல. ஆரணி குப்புசாமி முதலியார், ஜே. ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோர் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய கதைகள், தமிழில் நாவல் படிக்கும் பழக்கத்தையே வீடுதோறும் கொண்டு சேர்த்தன. வை. மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் 'ஜகன்மோகினி'யை நடத்தித் தம் நாவல்களை அதில் வெளியிட்டபோது, பெண்கள் அடுக்களையில் ஒளித்து வைத்துப் படித்தார்கள் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். பின்னர் தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர்க் கோப்பையோடு வந்தார். அவருக்குப் பின் சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வந்தனர். சுஜாதா தில்லியிலும் பெங்களூரிலும் உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுதியவர் என்பது நம்மைப் போன்ற வெளியூர்த் தமிழர் நினைவில் வைக்கத் தக்கது. ராஜேஷ்குமார் எழுதிய நாவல்களோ ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டியவை. ரயில் நிலையப் புத்தகக் கடைகள் இவ்வகை நாவல்களை விற்றே பிழைத்த காலமும் ஒன்று உண்டு. தென்னகத்து நிலையங்களில் ஹிக்கின்பாதம்ஸ் கடையும் வடக்கே வீலர் கடையும் நின்ற நாட்களில், தெற்கே செல்லும் வண்டி எந்த நிலையத்தைத் தாண்டினால் தமிழ்ப் புத்தகம் கண்ணில் படும் என்பதை நம் முன்னோர் கணக்காக அறிந்து வைத்திருந்தார்கள்.

இவ்வளவும் சொன்னதால் எல்லாத் துப்பறியும் நாவல்களையும் வாங்கிவிடலாம் என்று நாம் கூறுவதாகக் கொள்ளலாகாது. அவற்றுக்கும் தராதரம் உண்டு. குற்றவாளி யார் என்று தெரிந்தபின் முன்பக்கங்களைத் திருப்பிப் பார்த்தால் அதற்கான தடயம் அங்கே கண்ணெதிரே கிடந்திருக்க வேண்டும். அதுவே ஆசிரியர் வாசகனுக்குச் செய்யும் நியாயம். கடைசி அத்தியாயத்தில் அதுவரை பெயர் கூடச் சொல்லப்படாத ஒருவன் வந்து, கொலையைச் செய்தது தானே என்று ஒப்புக்கொள்ளும் நாவல்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவை வாசகனை ஏமாற்றுகின்றன. ராஜேஷ்குமார் இரண்டு கதைகளை மாற்றி மாற்றி அத்தியாயந்தோறும் நடத்திச் சென்று இறுதியில் ஒன்றாக முடிச்சுப் போடும் முறையைப் பெரிதும் கையாண்டார். முடிச்சு இறுகும்போது அது இன்பமாகவே இருக்கிறது. இறுகாதபோது, இரண்டு வண்டிகள் ஒரே நிலையத்துக்கு வந்தும் பயணிகள் ஒருவரையொருவர் பார்க்காமலே போய்விட்டதைப் போல் இருக்கிறது. மதிப்புரை எழுதுவோர் இதனைச் சொல்ல வேண்டும். முடிவை மட்டும் சொல்லலாகாது. முடிவைச் சொல்லிவிட்டு நாவலைப் புகழ்வதைவிடச் சொல்லாமல் திட்டுவது எவ்வளவோ மேல்.

இனி, பெரியவர் அவர்கள் போற்றும் சரித்திர நாவலுக்கு வருவோம். அவ்வகையில் நமக்கும் தீராத மோகம் உண்டு. எனினும் சரித்திர நாவல் படித்தால் சரித்திரம் தெரிந்துவிடும் என்று அவர்கள் எழுதியிருப்பதை அப்படியே ஏற்பதற்கில்லை. தஞ்சைக் கல்வெட்டில் குந்தவைப் பிராட்டியாரின் கணவர் என்ற முறையில் வல்லவரையர் வந்தியதேவரின் பெயர் வருகிறது. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு கல்கி ஒரு குதிரையையும் ஒரு வாளையும் கொடுத்து, ஐந்து பாகங்களின் வழியே ஓட விட்டார். உடையார்குடிக் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளில் ரவிதாசன் முதலியோரின் பெயர்களைச் சொல்லி, அவர்களுடைய உறவினரின் நிலங்களைக் கைப்பற்றிய செய்தியைத் தெரிவிக்கிறது. நந்தினியையோ பூங்குழலியையோ ஆழ்வார்க்கடியானையோ எந்தக் கல்லும் அறியாது. 1954இல் கதை முடிந்தபோது, எவை சரித்திரம், எவை கற்பனை என்பதைப் பற்றிக் கல்கியே தம் முடிவுரையில் வாசகர்களோடு பேசினார். அந்த நேர்மையை இன்றைய சரித்திர நாவலாசிரியர்கள் எல்லாரிடமும் எதிர்பார்க்க நமக்கு உரிமையுண்டு. நூலின் பின்பக்கத்தில் அத்தகைய குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது மதிப்புரையாளன் கடமைகளுள் ஒன்று என்று கருதுகிறோம். இங்கே வளரும் பிள்ளைக்குச் சோழர் சரித்திரத்தைப் பள்ளியில் விரிவாகச் சொல்லித் தருவாரில்லை. நாவலில் படித்ததையே அவன் சரித்திரமாக நம்பி, சக மாணவர்களிடம் சாதிப்பான்.

சரித்திர நாவல் என்றால் அரசனும் அரசியும் இருந்தே தீர வேண்டும் என்ற எண்ணமும் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' 1963இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. ராஜேந்திர சோழனின் கதை. சாண்டில்யனின் 'கடல் புறா' கலிங்கத்துக் கடற்கரையிலிருந்து புறப்படுகிறது. பாலகுமாரனின் 'உடையார்' தஞ்சைப் பெரிய கோயில் எழுந்ததை ஆறு பாகங்களில் சொல்கிறது. எல்லாம் மகுடங்களின் கதைகளே. நம்மைப் போல் பிழைப்பைத் தேடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களின் சரித்திரத்தை நாவலில் தேடினால், கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' ஒன்று நினைவுக்கு வருகிறது. 1976இல் வெளிவந்தது. தெலுங்கு நாட்டிலிருந்து அச்சத்தால் குடிபெயர்ந்து, தெற்கே கரிசல் காட்டைத் திருத்தி ஊராக்கிக்கொண்ட மக்களின் கதை அது. வந்த வழியை அறிந்தவள் மங்கத்தாயாரு என்ற மிக வயது முதிர்ந்த பாட்டி ஒருத்தியே; அவள் வாயால் அதைச் சொல்லக் கேட்கிறார்கள். அவர்கள் மொழி தெலுங்கு. ஊர் தமிழ் ஊர். பேரப்பிள்ளைகள் அந்த மண்ணின் பிள்ளைகள். நாகபுரியில் அதைப் படிக்கும்போது நமக்கு ஏற்படும் உணர்ச்சி, கோவில்பட்டியில் படிப்பவருக்கு ஏற்படுமா என்று ஐயுறுகிறோம். இதன் தொடர்ச்சியாகிய 'கோபல்லபுரத்து மக்கள்' 1991இல் அகாதெமி பரிசு பெற்றது. இரண்டும் பீரோவில் இல்லை. முதலில் வாங்க வேண்டியவை இவையே. ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. நடை கரிசல் வட்டாரப் பேச்சில் தோய்ந்தது. தஞ்சாவூர்க் குடும்பத்துப் பிள்ளை தனியே படித்தால் திணறும். அம்மாவோ தாத்தாவோ உரக்கப் படிக்க, உடன் உட்கார்ந்து கேட்கலாம்.

அண்மைக் காலத்தில் வந்தவற்றுள் இரண்டைச் சொல்லுவோம். சு. வெங்கடேசனின் 'வேள்பாரி' 2016 முதல் 2018 வரை ஆனந்த விகடனில் நூறு வாரங்களுக்கு மேலாகத் தொடர்ந்து வந்து, பின் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியை நாம் பாடப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்தோம். இங்கே பறம்பு மலையின் மரமும் கொடியும் விலங்கும் மருந்தும் ஒரு முழு உலகமாக விரிகின்றன. கபிலர் மலையேறத் தொடங்கும் அத்தியாயங்கள், காட்டை அறியாதவன் காட்டுக்குள் நுழையும்போது என்னென்ன காண்பான் என்பதை அவன் கண்ணாலேயே காட்டுகின்றன. எப்போதும் வடதிசை நோக்கியே அமரும் ஒரு விலங்கு கதையில் வருகிறது. அதனைத் திசை காட்டியாகக் கொண்டு கடலில் செல்லலாம் என்ற ஆசை மூவேந்தரின் வணிகத்தோடு சேரும்போது பகை பிறக்கிறது. இது சரித்திரமா, மாயக் கதையா என்று கேட்டால், இரண்டின் எல்லையிலும் கால் வைத்து நிற்கிறது என்போம். போர்க்களம் சற்று நீளம் என்பது நம் எண்ணம். ஆயினும் தொடர்கதையாக வந்ததால் அத்தியாயங்கள் ஓர் அளவாக இருக்கின்றன. இரவுக்கு ஒன்றாகப் படிக்கலாம். மெதுவாக வாசிப்போருக்கு இது பெரும் உதவி என்பதை நாம் அனுபவத்தில் கண்டிருக்கிறோம்.

மற்றொன்று மு. ராஜேந்திரனின் 'காலா பாணி'. 2022ஆம் ஆண்டின் அகாதெமி பரிசு பெற்றது. 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட பின், சிவகங்கை அரசர் வேங்கை பெரிய உடையணத் தேவர் உள்ளிட்ட எழுபதுக்கு மேற்பட்டோரை 1802இல் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். திரும்பி வர வழியில்லாத அப்பயணமே நாவலின் பொருள். ஆவணங்களின் கனம் நடையில் தெரிகிறது. வேகமாகப் புரட்டுவதற்கு உரியதன்று. பெரியோர்களுக்கு இதனைப் பரிந்துரைக்கிறோம். எழுத்துக் கூட்டும் சிறுவர்களுக்கன்று.

காதல் நாவல்களைப் பற்றிப் பெரியவர் அவர்கள் காட்டியிருக்கும் கோபத்தில் பாதி நமக்கும் உண்டு. கதாநாயகன் கதாநாயகியை அவமதிப்பான், சந்தேகிப்பான், சில சமயம் கையும் ஓங்குவான். கடைசிப் பக்கத்தில் அவையெல்லாம் அன்பின் மிகுதி என்று விளங்கும். அவளும் கண்ணீரோடு மன்னிப்பாள். இந்த அச்சில் வார்த்த நாவல்களை நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் கையில் கொடுக்க நமக்கு மனமில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் இருவரும் ஒரு கால் மணி நேரம் மனம் விட்டுப் பேசியிருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய பிணக்கை இருநூறு பக்கங்களுக்கு இழுப்பதும் பெரும் குற்றமே. ஆனால் இவ்வகையில் நல்லவை இல்லை என்பது சரியன்று. ரமணிசந்திரனின் நாவல்களை நம் தாய்மார்கள் எவ்வளவு ஆவலோடு கேட்டு வாங்குகிறார்கள் என்பதற்கும் அப்பதிவேடே சாட்சி. பகலெல்லாம் வேற்று மொழியில் கடைக்காரரிடமும் பள்ளிக்கூடத்திலும் அண்டை வீட்டாரிடமும் பேசிக் களைத்தவர்கள், இரவில் அரை மணி நேரம் தம் மொழியில் ஓர் ஆணும் பெண்ணும் பேசிக்கொள்வதைப் படிக்க விரும்பினால் அதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. மருத்துவராக இருந்து, தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுகள் வாழ்ந்த லக்ஷ்மி அம்மையார் அந்நாட்டுத் தமிழர் வாழ்வை வைத்து எழுதிய 'ஒரு காவிரியைப் போல' 1984இல் அகாதெமி பரிசு பெற்றது. வெளியூர்த் தமிழ்ப் பெண்ணின் மனத்தை அறிந்து எழுதியவர்கள் சிலரே. அவர்களுள் இவர் ஒருவர்.

மாயக் கதைகளைப் பற்றி அதிகம் எழுத இடமில்லை. ஆங்கிலத்தில் ஹாரி பாட்டரைப் படித்து முடித்த பிள்ளைகள், தமிழில் அப்படி ஒன்று உண்டா என்று கேட்கிறார்கள். மந்திரவாதியும் வேதாளமும் நம் வீட்டுச் சொத்து. 'பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை'யை அக்காலத்தில் திருவிழாக் கடைகளில் பரப்பி விற்றார்கள். எழுத்தைப் பெரிதாக அச்சிட்டால்தான் புதிதாக வாசிக்கக் கற்றவன் வாங்குவான் என்பதை அந்தப் பதிப்பாளர்கள் அறிந்திருந்தார்கள். இன்றைய பதிப்பாளர்கள் பலருக்கு அந்த அறிவு இல்லை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில், நாம் இப்போது கடந்துவிட்ட ஓர் ஆண்டு எதிர்காலமாக வருகிறது. ஜீனோ என்னும் இயந்திர நாய் பேசுகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதைக் கொடுத்துப் பாருங்கள். நாயின் பேச்சுக்காகவே முடித்துவிடும்.

ஆகவே செயற்குழுவுக்கு நம் விண்ணப்பம் இது. தொகையில் பாதிக்குக் கோபல்லத்து நூல்கள் இரண்டும், 'வேள்பாரி'யும், 'காலா பாணி'யும் வாங்கலாம். 'பொன்னியின் செல்வ'னுக்கு மற்றொரு பிரதி வேண்டாம். அதற்குப் பதிலாக, 1941இலிருந்து 1943 வரை கல்கி தொடராக எழுதிய 'பார்த்திபன் கனவு' இரண்டு பிரதிகள் வாங்கலாம். ஒரே புத்தகத்தில் முடிவது, அத்தியாயங்கள் சிறியவை, தன் நாட்டைத் தூரத்திலிருந்து நினைத்து ஏங்கும் இளவரசன் ஒருவன் அதில் இருக்கிறான். கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டவை ஆதலால் பல பதிப்பகங்கள் வெளியிடுகின்றன. விலையை மட்டும் பார்த்து வாங்காமல், எழுத்தின் அளவையும், அது சுருக்கப் பதிப்பா முழுப் பதிப்பா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். மிச்சமுள்ள பாதித் தொகையில் துப்பறியும் நாவல்களையும், தேர்ந்தெடுத்த காதல் நாவல்களையும், சுஜாதாவையும் வாங்கலாம். பெரியவர் அவர்கள் இதற்கு உடன்படுவார்களா என்பது தெரியவில்லை. செயற்குழுக் கூட்டத்துக்கு அவர்கள் வரும்போது இரவல் பதிவேட்டை மேசைமேல் வைப்போம். 'புது வெள்ள'த்தையும் ஐந்தாம் பாகத்தையும் அருகருகே வைப்போம்.

இப்பகுதிக்கு மதிப்புரை அனுப்பும் அன்பர்களுக்கு ஒரு சொல். கதைச் சுருக்கம் எழுதி ஒரு பக்கத்தை நிரப்பாமல், நூல் எத்தனை பாகம், எழுத்து எவ்வளவு பெரியது, எந்த வட்டாரப் பேச்சு, எந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைக்கத் தோன்றியது, வைத்தபின் மீண்டும் எடுத்தீர்களா என்பனவற்றை எழுதுங்கள். பிள்ளைகள் எழுதினாலும் வெளியிடுவோம். எழுத்துப் பிழைகளை நாமே திருத்திக் கொள்ளுகிறோம்.

'கடல் புறா'வின் இரண்டாம் பாகம் சென்ற ஆனி மாதத்திலிருந்து பீரோவில் இல்லை. பதிவேட்டில் பெயர் எழுதப்படவில்லை. எடுத்துச் சென்றவர்கள் படித்து முடித்ததும் திருப்பித் தந்தால், முதற் பாகத்தை முடித்துவிட்டுக் காத்திருக்கும் இருவருக்கு உதவியாக இருக்கும்.